பொற்கொல்லர் போல் றெவியரும் அவர்தங் குடும்பமும்

லோங்பெலோ என்னும் அமெரிக்கப் புலவர் நள்ளிரவுக் குதிரைச் செலவொன்றைப் பற்றி இயற்றி 1861 ஆம் ஆண்டில் வெளிப்படுத்திய பாட்டை, ஆங்கிலங் கற்ற நம்மவருட் பலர் இளமையில் மனனஞ் செய்திருப்பர். யானும் மிஷன் பாடசாலையொன்றிற் பயின்ற காலத்து அதனை ஆசிரியர் முன்னிலையில் ஒப்புவித்ததுண்டு. குதிரையின் குளம்போசை இன்னும் செவியில் நிற்கின்றது. ஆயின், அக்குதிரைமேற் சென்றவர் யாது தொழில் செய்து பிழைத்தார், அவர்தம் பெற்றோர் யாவர், மனைவி மக்கள் யாவர் என்பவற்றை ஆசிரியர் உரைத்தாருமல்லர், யாம் வினாவினேமுமல்லேம். அவர் உலையின் முன்னிருந்து வெள்ளியும் பொன்னும் தட்டிய தொழிலாளி என்பதைப் பல்லாண்டு கழிந்த பின்னரே அறிந்தேன். அறிந்தபின் அப்பாட்டினும் அவர் வரலாறே எனக்குச் சுவையுடையதாயிற்று. வகுப்பிலே அப்பாட்டைப் படிப்பிக்கும் ஆசிரியர்கட்குப் பயன்படுமென்று கருதி அதனை ஈண்டுச் சுருங்க எழுதுகின்றேன்.

போல் றெவியரின் தந்தையார் பிரான்சு தேசத்திலே போர்தோ நகரின் அயலிலுள்ள சிற்றூரொன்றில் 1702 ஆம் ஆண்டு பிறந்தவர். அப்பொலோஸ் றிவுவார் என்பது அவர்க்குப் பெற்றோர் இட்ட பெயர். அக்குடும்பத்தார் அந்நாட்டரசன் ஒறுத்த சமயப் பிரிவினர். ஆதலின், பிள்ளையாவது வேறு நாட்டிற் பிழைக்கட்டுமென்று பதின்மூன்று வயதிலே அவரைக் கடல் கடத்தி அனுப்பிவிட்டனர். 1716 ஆம் ஆண்டளவில் வட அமெரிக்காவின் பொஸ்ரன் நகரையடைந்த அச்சிறுவர், ஆண்டுப் பெயர்பெற்ற பொற்கொல்லராகிய ஜோண் கோணி என்பவரிடம் தொழில் பயிலும்படி ஒப்பந்தஞ் செய்யப்பட்டார். 1722 இல் ஆசான் இறந்துவிட, ஒப்பந்தத்தில் எஞ்சிய காலத்துக்கு நாற்பது பவுண் கொடுத்துத் தம்மை மீட்டுக்கொண்டு தனிப்பட்டறை வைத்தார். அவ்வூரார் நாவுக்கு அவர் பெயர் இசையாமையால் போல் றெவியர் என்று மாற்றிக்கொண்டார். 1729 இல் டெபோறா ஹிச்போண் என்னும் உள்ளூர்ப் பெண்ணை மணந்தார். அவ்விருவர்க்கும் 1734 ஆம் ஆண்டின் இறுதியிற் பிறந்து, தந்தையின் பெயரையே பெற்றவர் நம் சரித்திர நாயகர்.

இளைய றெவியர் எழுத்துப் பள்ளியிற் சிலகாலங் கற்றபின் தந்தையின் பட்டறையிலேயே தொழில் பயின்றார். அயலிலிருந்த கிறைஸ்து தேவாலயத்தின் மணிகளை முறைப்படி அடிப்பதற்குச் சிறுவர் எழுவர் கூடி எழுதிக் கைச்சாத்திட்ட ஒப்பந்தமொன்று இன்றும் உளது. அதில் அவர் பெயருங் காணப்படும். அம்மணிக் கோபுரத்தை வாசிப்போர் நினைவில் வைத்துக்கொள்க. அது பின்னரும் வரும். 1754 இல் தந்தையார் இறந்தபோது மகனுக்கு வயது பத்தொன்பது. 1756 இல் பீரங்கிப் படையில் அதிகாரியாகச் சேர்ந்து பிரான்சியருக்கு மாறாகச் சென்று மீண்டார். அதன்பின் பட்டறையைத் தாமே நடத்தித் தம்பி தோமசுக்கும் தொழில் கற்பித்தார்.

அவர் பொற்கொல்லர் எனப்பட்டாராயினும் அப்பட்டறையிற் பெரும்பாலும் வழங்கியது வெள்ளியே. அக்காலத்து ஆங்கில வழக்கில் வெள்ளி வேலை செய்வோரும் பொற்கொல்லர் எனவே அழைக்கப்பட்டனர். பழைய காசையும் உடைந்த பாத்திரத்தையுங் கொண்டுவந்து கொடுத்தால் அவற்றை உருக்கிப் புதிய பாத்திரஞ் செய்து, வெள்ளியின் நிறைக்கு ஒரு விலையும் செய்கூலிக்கு ஒரு விலையும் வேறாகக் கணக்கெழுதுவர். நம்மூரிற் பழைய நகையை அழித்துப் புதிது செய்விக்கும் வழக்கத்தை அறிந்தார்க்கு இதனை விரித்துரைத்தல் வேண்டா. 1761 முதல் 1797 வரை அப்பட்டறையில் எழுதப்பட்ட கணக்கேடுகள் இன்றும் பொஸ்ரனிற் பேணப்படுகின்றன. அவற்றைக்கொண்டே அவர் வாழ்க்கையை நாம் ஒருவாறு காணலாம். கரண்டி, தேநீர்ப் பாத்திரம், காலணிக் கொளுக்கி, பொத்தான், மோதிரம், வைத்தியர்க்குரிய கருவி ஆகியவற்றோடு ஒருவர் வளர்த்த அணிலுக்கு வெள்ளிச் சங்கிலியொன்றும் அவற்றிற் பதியப்பட்டுளது. 1768 இல் செய்த வெள்ளிக் கிண்ணமொன்று, அரசாணைக்கிணங்க மறுத்த சட்டசபையார் தொண்ணூற்றிருவரைப் போற்றுதற்குச் செய்யப்பட்டது. கொப்லி என்னும் ஓவியர் அவரை வரைந்த படமும் அவ்வாண்டினதே. செல்வர் தம்மை வரைவிக்கும்போது பட்டாடையோடிருப்பர். இவரோ மேற்சட்டையின்றி, கையிலே தேநீர்ப் பாத்திரத்தை ஏந்தி, செதுக்கு கருவிகளை முன்வைத்து இருக்கின்றார். தொழிலை மறையாத அக்காட்சியை மாணாக்கருக்குக் காட்டுதல் நன்று.

வெள்ளி வேலை குறைந்த காலங்களில் அவர் வாளாவிருந்தவரல்லர். செப்புத் தகட்டிற் படஞ் செதுக்கி அச்சிட்டார், பொய்ப்பல் கட்டினார். இங்கே ஒரு குறையையும் மறையாது சொல்லல் வேண்டும். 1770 இல் ஆங்கிலப் போர்வீரர் பொஸ்ரன் வீதியிற் சுட்டதைக் காட்டும் படத்தால் அவர் பெரும் புகழ் பெற்றார். அதன் மூலச்சித்திரமோ ஹென்றி பெல்ஹம் என்னும் இளைஞர் வரைந்தது. அவரிடம் உத்தரவு பெறாமலே றெவியர் அதனைப் பார்த்துச் செதுக்கி, முந்தி விற்றுவிட்டார். வஞ்சிக்கப்பட்ட இளைஞர் மனம் நொந்து அவர்க்குக் கடிதம் எழுதினார். நாட்டுக்குழைத்தவரென்பதனால் இச்செயல் நியாயமாகிவிடாது.

1757 இல் சாறா ஓண் என்பவரை மணந்து அவரிடம் எண்மர் மக்களைப் பெற்றார். 1773 ஆம் ஆண்டு மே மாதம் சாறா இறந்தார். கைக்குழந்தையும் அவ்வாண்டிலேயே இறந்தது. வீடு நிறையப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு தவித்த றெவியர் அவ்வாண்டு ஒக்டோபரில் றேச்சல் வோக்கர் என்பவரை மணந்தார். அவ்வம்மையாரிடமும் எண்மர் பிறந்தனர். இப்பதினாறு மக்களிற் பலர் சிறுபருவத்திலே இறந்தனர். தந்தையார்க்குப் பின் வாழ்ந்திருந்தோர் ஐவரே.

இனி அந்த இரவு. 1775 ஆம் ஆண்டு ஏப்பிரல் 18 ஆந் தேதி, ஆங்கிலப் படை கொன்கோட் ஊரிலுள்ள ஆயுதங்களைக் கைப்பற்றப் புறப்படுகின்றதென்றறிந்த வைத்தியர் ஜோசெப் வாறென், டோஸ் என்பவரைத் தரைவழியாகவும் றெவியரை ஆற்றைக் கடந்தும் போக ஏவினார். சிறுவயதிற் றெவியர் மணியடித்த அத்தேவாலயத்தின் கோபுரத்திலேயே இரண்டு விளக்குகள் தூக்கப்பட்டன. பாட்டிலே அவர் அக்கரையில் நின்று அவ்விளக்குகளைப் பார்த்திருப்பவராகக் கூறப்படுவர். உண்மையில், தாம் ஆற்றைக் கடக்க இயலாது போயினுஞ் செய்தி அக்கரையைச் சேரட்டுமென்று அவற்றை முன்னேற்பாடாகத் தூக்குவித்தவர் அவரே. நண்பர் இருவர் படகு வலிக்க, பகைவரின் போர்க்கப்பலருகே ஆற்றைக் கடந்து, இரவற் குதிரையேறி நள்ளிரவளவில் லெக்சிங்ரன் ஊரையடைந்து தலைவர்களை எச்சரித்தார். கொன்கோட்டுக்குப் போகும் வழியிலோ ஆங்கிலக் காவலர் அவரைப் பிடித்துக்கொண்டனர். அவ்வூர்க்குச் செய்தி கொண்டுபோய்ச் சேர்த்தவர் உடன் சென்ற வைத்தியர் பிறெஸ்கொற் ஒருவரே. றெவியர் குதிரையைப் பறிகொடுத்து லெக்சிங்ரனுக்கு நடந்தே திரும்பினார். இவற்றை அவரே 1798 இல் எழுதிய நீண்ட கடிதத்திற் கூறியிருக்க, புலவர் தம் பாட்டில் அவரைத் தனியராகக் கொன்கோட் வரைக்கும் ஓட்டிவிட்டார்.

பொஸ்ரன் பகைவர் கையிலிருந்தமையால் அவர் வீட்டுக்குத் திரும்பல் இயலவில்லை. மனைவியாகிய றேச்சல், கணவர் கைப்பொருளின்றி வருந்துவரென்று நூற்றிருபத்தைந்து பவுணையும் ஒரு கடிதத்தையும் வைத்தியர் பெஞ்சமின் சேர்ச் என்பவர் வசம் அனுப்பினார். அவ்வைத்தியரோ நண்பர்போல் நடித்து ஆங்கிலத் தளபதிக்கு ஒற்றறிந்து சொன்னவர். கடிதம் கணவர் கைக்குப் போகாது அத்தளபதியின் கடிதக் கட்டிலே போய்க் கிடந்தது. பணமும் சேரவில்லை. பின்னர் அவ்வம்மையார் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நகரைவிட்டு வெளியேற, பதினைந்து வயதினனாகிய மூத்தமகன் மட்டும் வீட்டையும் பட்டறையையுங் காத்துக்கொண்டு பகைவரிடையே தங்கினான். இவ்விருவர் துணிவையும் பாடிய புலவரில்லை.

அவ்வாண்டு யூன் மாதப் போரில் வைத்தியர் வாறென் மாண்டு, அடையாளந் தெரியாவண்ணம் புதைக்கப்பட்டார். அடுத்த ஆண்டு உடலைத் தோண்டியெடுத்தபோது, தாம் கம்பியாற் கட்டிக்கொடுத்த பொய்ப்பல்லைக் கண்டு இவரே அவரென்று றெவியர் உறுதி கூறினார். 1777 இற் பிறந்த மகனுக்கு ஜோசெப் வாறென் என்று அந்நண்பரின் பெயரையே இட்டார்.

1779 இல் பெனொப்ஸ்கொற் என்னுமிடத்துக்குச் சென்ற படையெடுப்பு பெருந்தோல்வியாய் முடிந்தது. பீரங்கிப் படைக்குத் தலைவராய்ச் சென்ற றெவியர்மீது கீழ்ப்படியாமையுங் கோழைமையும் குற்றங்களாகச் சாட்டப்பட்டன. அவ்வவமானம் பொறாது, தம்மைப் படைமன்றில் விசாரிக்கும்படி தாமே பன்முறை வேண்டி, 1782 இற் குற்றமற்றவரெனத் தீர்ப்புப் பெற்றார். அவரைக் குறைகூறினாருள் ஒருவர் பெலெக் வாட்ஸ்வொர்த் என்னும் தளபதி. பின்னாளில் அவர்தம் மகள் வயிற்றுப் பேரராய்ப் பிறந்தவரே லோங்பெலோ! பாட்டனார் பழித்தவரைப் பேரனார் பாடினார்.

போர் முடிந்தபின், ஐம்பது வயதைக் கடந்த நிலையிலே, இரும்பு வார்க்கும் பட்டறையை நிறுவினார். தங்குடும்பத்தார் வழிபட்ட ஆலயத்தின் மணி வெடித்துவிட, 1792 இற் புதுமணியொன்றைத் தாமே வார்த்தார். அதன் ஓசை தெளிவுடையதன்றென்று அக்காலத்தொருவர் தம் நாட்குறிப்பில் எழுதினார். றெவியர் சோர்ந்தாரல்லர், மேலும் மேலும் வார்த்துப் பழகினார். 1816 இல் கிங்ஸ் சப்பல் என்னும் ஆலயத்துக்கு வார்த்த மணி இன்றும் ஒலிக்கின்றது. பொஸ்ரன் நகரத்துச் சங்கம் அனுப்பிய மிஷனரிமார் யாழ்ப்பாணத்து வந்திறங்கியதும் அவ்வாண்டிலேயே என்பது ஒரு வியப்பு. 1801 இல், அறுபத்தாறு வயதில், தஞ்செல்வம் இருபத்தையாயிரம் டொலரையும் அரசினரிடம் பெற்ற கடன் பதினாயிரம் டொலரையும் இட்டுச் செப்புத் தகடு உருட்டும் ஆலையை நிறுவினார். அதுவரை அத்தகடு இங்கிலாந்திலிருந்தே வந்தது. கொன்ஸ்ரிற்யூஷன் என்னும் புகழ்பெற்ற போர்க்கப்பலின் அடிப்பாகத்துக்கு 1803 இல் வேய்ந்த தகடு அவர் ஆலையது.

1811 இல் தொழிலை மக்களிடத்து ஒப்புவித்தார். 1813 இல் றேச்சலும், இளமையிற் பட்டறையைக் காத்த மூத்தமகனும் இறந்தனர். 1818 ஆம் ஆண்டு மே மாதம் 10 ஆந் தேதி தமது எண்பத்துமூன்றாம் வயதில் றெவியரும் காலமானார். ஆலையை மேலும் நடத்தியவர் ஜோசெப் வாறென் றெவியர். அவர்தம் மைந்தர் இருவர் 1862, 1863 ஆம் ஆண்டுகளில், அடிமை வழக்கை முன்னிட்டெழுந்த உள்நாட்டுப் போரில் உயிர்நீத்தனர்.

றேச்சலின் மகளாகிய மரியா என்பவரைப் பற்றியும் நம்மவர் அறிதல் வேண்டும். அவர் ஜோசெப் பலஸ்ரியர் என்பவரை மணந்தார். கணவர் சிங்கப்பூரில் முதல் அமெரிக்கக் கொன்சலானமையால் 1834 இல் அந்நகரிற் குடியேறினார். கணவர் கரும்புத் தோட்டம் வைத்த நிலத்தின் வழிச் செல்லும் வீதிக்கு இன்றும் அவர் பெயரே வழங்குகின்றது. சிங்கப்பூரில் உத்தியோகம் பார்த்துத் திரும்பிய நம் முன்னோர் பலர் பலஸ்ரியர் வீதியை நன்கறிவர். இலங்கையர் விளையாட்டுக் கழகம் அவ்வீதியிலேதான் உளது. 1843 இல் தமையனாரின் ஆலையில் வார்ப்பித்த மணியொன்றை வருவித்து, நாடோறும் இரவு எட்டு மணிக்கு ஐந்து நிமிஷம் அடித்தல் வேண்டுமென்னும் நிபந்தனையோடு ஆண்டுள்ள சென் அன்ட்றூ ஆலயத்துக்கு மரியா அளித்தார். அடுத்த ஆண்டில் ஒரே மகனையிழந்து, 1847 இல் அந்நகரிலேயே அவரும் இறந்தார். அந்த மணி சிங்கப்பூர்த் தேசிய நூதனசாலையில் இருக்கின்றது.