கம்பியின் கணக்கைக் கண்டவர்

ஆரணிப் பட்டு எடுக்கப் போகிறவர்கள், சரிகை அசல்தானா என்று சோதித்துத்தான் வாங்குவார்கள். ஆனால் வீட்டு ஸ்டீரியோவுக்குக் கம்பி வாங்கும்போது சோதிப்பவர்கள் குறைவு.

விலை உயர்ந்த கேபிள் போட்டால் பாட்டு இனிமையாகக் கேட்கும் என்கிறார்கள். பல ஆயிரம் ரூபாய்க்கும் கேபிள் விற்கிறது. தறியில் உழைத்துச் சம்பாதித்த பணத்தை அதில் போடலாமா?

இதற்கு விடை சொல்லும் கணக்கை, ஏறக்குறைய 200 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் கண்டுபிடித்து விட்டார். அவர்தான் ஜார்ஜ் சைமன் ஓம்.

பூட்டுத் தொழிலாளியின் மகன்

ஜெர்மனியில் எர்லாங்கன் என்ற ஊரில் 1789-ம் ஆண்டு மார்ச் 16-ந்தேதி ஓம் பிறந்தார். தகப்பனார் பூட்டு செய்யும் தொழிலாளி. பெற்றோருக்கு 7 குழந்தைகள். அவர்களில் பிழைத்தவர்கள் 3 பேர்தான். ஓமுக்கு 10 வயதானபோது தாயும் இறந்து விட்டார்.

தகப்பனார் பள்ளியில் அதிகம் படித்தவர் அல்ல. தாமாகவே கணக்குப் படித்தார். அதைத் தம் பிள்ளைகளுக்கும் கற்றுக் கொடுத்தார்.

ஓம் 1805-ல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே நடனம், பில்லியர்ட்ஸ், பனிச் சறுக்கு என்று பொழுதைப் போக்கினார். தகப்பனாருக்குக் கோபம் வந்தது. படிப்பை நிறுத்தி, மகனை சுவிட்சர்லாந்துக்கு வாத்தியார் வேலைக்கு அனுப்பி விட்டார்.

அங்கே ஓம் திருந்தினார். தனியாகப் படித்தார். 1811-ல் ஊர் திரும்பி டாக்டர் பட்டம் பெற்றார்.

எட்டுக் கம்பிகள்

1817-ல் கொலோன் நகரப் பள்ளியில் ஆசிரியரானார். பாடம் முடிந்ததும் ஆராய்ச்சியில் இறங்குவார். பூட்டுப் பட்டறையில் பழகிய கை. வேண்டிய கருவிகளைத் தாமே செய்து கொண்டார்.

அந்தக் காலத்தில் கம்பிக்கு பிளாஸ்டிக் உறை கிடையாது. மின்சாரம் வெளியே பாயாமல் இருக்க, கம்பியின் மேல் பட்டு நூலைச் சுற்றுவார்கள். ஆரணித் தறியில் சேலையாகும் பட்டு, அன்று மின்சாரத்துக்கும் காவலாக இருந்தது!

ஒரே தடிமனும் வெவ்வேறு நீளமும் கொண்ட 8 செம்புக் கம்பிகளை ஓம் எடுத்துக் கொண்டார். ஒவ்வொன்றிலும் எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்று அளந்தார்.

விடை தெளிவாகக் கிடைத்தது. கம்பி நீண்டால் தடை கூடும். தடித்தால் தடை குறையும். எந்த உலோகம் என்பதைப் பொறுத்தும் தடை மாறும். நீண்டு குறுகிய வாய்க்காலில் தண்ணீர் குறைவாகப் போவது போலத்தான் இதுவும்.

பட்ட அவமானம்

1827-ல் இதைப் புத்தகமாக வெளியிட்டார். கல்லூரியில் பெரிய பதவி கிடைக்கும் என்று நம்பினார். கிடைக்கவில்லை. ஜெர்மனியில் பலர் அவர் கண்டுபிடிப்பை மதிக்கவே இல்லை.

மனம் நொந்த ஓம் வேலையை விட்டார். பெர்லினில் சில மணி நேரம் பாடம் சொல்லிக் கொடுத்து, குறைந்த வருமானத்தில் பல ஆண்டுகள் காலம் தள்ளினார். அவர் மணம் செய்து கொள்ளவே இல்லை.

1833-ல் நூரம்பர்க்கில் வேலை கிடைத்தது. 1841-ல் இங்கிலாந்தின் ராயல் சொசைட்டி அவருக்குக் காப்ளி பதக்கம் வழங்கியது. அதன் பிறகே சொந்த நாடும் விழித்துக் கொண்டது.

1843-ல் காதைப் பற்றியும் ஆராய்ந்தார். பல சுரங்கள் கலந்த ஒலியைக் காது தனித்தனிச் சுரங்களாகப் பிரித்துக் கேட்கிறது என்றார்.

1852-ல் மியூனிச் நகரில் பேராசிரியர் ஆனார். ஆசைப்பட்ட பதவி 63-வது வயதில் கிடைத்தது. இரண்டே ஆண்டுகள்! 1854-ம் ஆண்டு ஜூலை 6-ந்தேதி காலமானார்.

எந்தக் கம்பி வாங்கலாம்?

ஓம் கண்ட கணக்கை நம் வீட்டில் போட்டுப் பார்ப்போம்.

பல ஸ்பீக்கர்களின் தடை 8 ஓம். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியை 3 மீட்டர் தூரத்துக்கு இழுத்தால், போக வர 6 மீட்டர். அதன் தடை சுமார் 0.07 ஓம். 8 ஓமுக்கு முன் இது தூசு. இதற்கு மேல் எவ்வளவு கொட்டிக் கொடுத்தாலும் காதுக்கு வித்தியாசம் தெரியாது.

ஆனால் 0.25 சதுர மில்லிமீட்டர் கம்பியை 10 மீட்டர் தூரம் இழுத்தால் தடை சுமார் 1.4 ஓம் ஆகிவிடும். பாட்டின் சத்தம் குறையும். இங்கே கம்பியை மாற்றத்தான் வேண்டும்.

வெள்ளிக் கம்பி? அதன் தடை செம்பைவிட சுமார் 6 சதவிகிதமே குறைவு. செம்புக் கம்பியைச் சற்றுத் தடிமனாக வாங்கினால் அதே பலன் கிடைக்கும். முனையில் தங்கப் பூச்சு இருந்தால் களிம்பு ஏறாது. பாட்டு இனிப்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

சந்தேகம் தீரவில்லையா? சத்தத்தை மாற்றாமல், நீங்கள் பார்க்காதபோது கம்பியை மாற்றிப் போடும்படி ஒருவரிடம் சொல்லுங்கள். பல தடவை கேளுங்கள். எது விலை உயர்ந்த கம்பி என்று காதால் மட்டும் கண்டுபிடிக்க முடிகிறதா, பாருங்கள்.

1881-ல் பாரீசில் கூடிய உலக மாநாடு, மின்தடையின் அளவுக்கு ஓம் பெயரையே வைத்தது. பதவி கொடுக்க மறுத்த உலகம், வீட்டுக்கு வீடு அவர் பெயரைச் சொல்கிறது. ஸ்பீக்கரின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். அங்கேயும் இருக்கிறார், பூட்டுத் தொழிலாளியின் மகன்!