அண்ணன் இருக்க தம்பிக்கு அரியணை: யார் இந்த சுல்தான் ஹுசேன்?

பொங்கோல் படகுத்துறைப் பக்கம் போனால் எதிர்க்கரையில் ஜொகூர் தெரியும். இன்று இரண்டு நாடுகள். 200 ஆண்டுகளுக்கு முன்பு இரண்டுமே ஒரே சுல்தானின் ஆட்சிக்குள் இருந்தன.

அது எப்படிப் பிரிந்தது? ஒரு கல்யாணத்திலிருந்து தொடங்குகிறது கதை.

அப்பா இறந்தபோது ஊரில் இல்லை

ஜொகூர்-ரியாவ் சுல்தான் மூன்றாம் மஹ்மூத், 1810களின் தொடக்கத்தில் காலமானார். மூத்த மகன் ஹுசேன் அப்போது தமது திருமணத்துக்காகப் பாகாங் சென்றிருந்தார்.

முன்னவரை அடக்கம் செய்வதற்கு முன்பே அடுத்தவரை அறிவிக்கவேண்டும் என்பது மலாய் அரச வழக்கம். பூகிஸ் தலைவர் ராஜா ஜாஃபர் இளையவரான அப்துல் ரஹ்மானை சுல்தானாக்கிவிட்டார். ஹுசேன் திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்துபோயிருந்தது.

நாம் தினமும் ரயில் மாறும் பூகிஸ் நிலையத்தின் பெயர் அந்த பூகிஸ் மக்களைக் குறிப்பதுதான்!

ஆனால் ஒரு சிக்கல். மஹ்மூதின் மனைவி எங்கு புத்ரி ஹமீதாவிடம் அரச சின்னங்கள் இருந்தன. அவை இல்லாமல் முறைப்படி முடிசூட முடியாது. அப்துல் ரஹ்மானுக்கு அவற்றைக் கொடுக்க அவர் மறுத்தார். 1822-இல் டச்சுக்காரர்கள் அவற்றைப் பலவந்தமாகப் பறித்தார்கள்.

ராஃபிள்ஸ் போட்ட கணக்கு

1819-இல் சிங்கப்பூரில் வணிகத்தளம் அமைக்க ராஃபிள்ஸுக்கு ஒரு சுல்தானின் ஒப்புதல் தேவைப்பட்டது. அப்துல் ரஹ்மானோ டச்சுக்காரர்களின் பக்கம். எனவே ஹுசேனை ரியாவிலிருந்து வரவழைத்தார்.

பிப்ரவரி 6ஆம் தேதி ஹுசேன் சுல்தானாக அங்கீகரிக்கப்பட்டார். ஒப்பந்தமும் அன்றே கையெழுத்தானது. ஆண்டுக்கு அவருக்கு 5,000 ஸ்பானிய வெள்ளி; தெமெங்கோங் அப்துல் ரஹ்மானுக்கு 3,000.

அவருக்குப் பட்டம் கிடைத்தது. அதிகாரம்? அது வேறு கதை.

பட்டம் இருந்தது, நிலம் போனது

1824 மார்ச் மாதம் பிரிட்டனும் நெதர்லாந்தும் வட்டாரத்தைத் தங்களுக்குள் பங்கு பிரித்துக்கொண்டன. சிங்கப்பூர் பிரிட்டனின் பக்கம், ரியாவ் டச்சுப் பக்கம். அண்ணன் தம்பி சண்டை அத்தோடு நாட்டு எல்லையாகவே ஆகிவிட்டது.

அதே ஆண்டு ஆகஸ்டில் இன்னோர் ஒப்பந்தம். இம்முறை சிங்கப்பூர் முழுவதையும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார் ஹுசேன். கைக்கு வந்தது 33,200 ஸ்பானிய வெள்ளி. அதோடு ஆயுள் முழுக்க மாதம் 1,300.

கம்போங் கிளாமில் அவர் எழுப்பிய பள்ளிவாசல்தான் சுல்தான் பள்ளிவாசல். லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்தே போய்விடலாம். இப்போதுள்ள கட்டடம் பிற்பாடு கட்டியது.

1834-இல் மலாக்காவுக்குக் குடிபெயர்ந்தார். அடுத்த ஆண்டு அங்கேயே காலமானார். தெங்கேரா பள்ளிவாசல் வளாகத்தில் அவரது கல்லறை உள்ளது.

அப்புறம்?

1855-இல் மகன் அலி, மூவார் பக்கத்திலுள்ள கேசாங் வட்டாரத்தைத் தவிர்த்து, ஜொகூரின் ஆட்சியைத் தெமெங்கோங் இப்ராஹிமிடம் ஒப்படைத்தார். இன்றைய ஜொகூர் அரச குடும்பம் அந்தத் தெமெங்கோங் வழி வந்தது, ஹுசேன் வழி அல்ல.

அடுத்த முறை பொங்கோலில் நின்று எதிர்க்கரையைப் பார்க்கும்போது இது நினைவுக்கு வரலாம். அரியணைக்கு இருவர் போட்டியிட்டார்கள். நிலம் போனது மூன்றாவது ஆளிடம்.