மொண்டிசோரியின் முதல் மாணவர்கள்

பரந்தன், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று எங்கே போனாலும் மொண்டிசோரி என்றால் எங்கள் சனத்துக்கு அது ஒரு பள்ளிக்கூடம். அது ஒரு பெண் வைத்தியரின் பெயர் என்பதும், அவரும் போரால் நாடு நாடாக ஓடியவர் என்பதும் பலருக்குத் தெரியாது. அவருடைய முதல் மாணவர்கள் யார் என்பது அதிலும் குறைவாகவே தெரியும்.

மரியா மொண்டிசோரி 1870 ஆகஸ்ட் 31 இல் இத்தாலியின் கியாரவாலே என்ற ஊரில் பிறந்தார். 1896 இல் ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். (இத்தாலியின் முதல் பெண் வைத்தியர் என்று எழுதுவார்கள், அவருக்கு முன்னரும் சிலர் இருந்தார்கள்.) பல்கலைக்கழகத்தின் மனநலப் பிரிவில் பணியாற்றியபோது மனநோய் விடுதிகளுக்குப் போய்வந்தார். மூளைவளர்ச்சி பிந்திய பிள்ளைகளையும் அங்கே பெரியவர்களோடு அடைத்து வைத்திருந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் அந்தப் பிள்ளைகள் நிலத்தில் விழுந்த பாண் துணிக்கைகளைப் பொறுக்கினார்களாம். பராமரித்த பெண்ணுக்கு அது அருவருப்பாக இருந்தது. மொண்டிசோரி அறையைச் சுற்றிப் பார்த்தார். கையில் எடுத்து உருட்டிப் பார்க்க அங்கே வேறொரு பொருளும் இல்லை. பிள்ளைகள் தேடியது சாப்பாட்டை அல்ல என்று அவருக்கு விளங்கியது.

இத்தகைய பிள்ளைகளோடு தனக்கு முன்பே உழைத்த இத்தார், செகென் என்ற இரண்டு பிரெஞ்சு வைத்தியர்களின் நூல்களை ஊன்றிப் படித்தார். 1900 இல் ரோமில் இப்பிள்ளைகளுக்கான ஆசிரியர்களைப் பயிற்றும் பள்ளி தொடங்கியபோது அதன் இணைப் பொறுப்பாளரானார். பகல் முழுக்கப் பிள்ளைகளோடு இருப்பார். இரவில் குறிப்பு எழுதுவார். தொட்டும் தடவியும் பொருத்தியும் பழகும் பொருட்களைச் செய்வித்தார். மர எழுத்தை விரலால் தடவிப் படித்த பிள்ளைகளில் சிலர், ஏனைய பிள்ளைகள் எழுதும் அரச பரீட்சையிலேயே சித்தியடைந்தார்கள்.

அந்தப் பொருட்களைத்தான் 1907 ஜனவரி 6 இல், ரோமின் சன் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில் திறந்த சிறுவர் இல்லத்துக்கு அவர் கொண்டுபோனார். இன்று எங்கள் முன்பள்ளி அலுமாரிகளில் இருப்பவற்றில் பலவற்றின் மூலம் அதுதான். அண்மையில் ஒரு தாயோடு கதைத்தேன். நான்கு வயது மகனுக்கு இன்னும் பேச்சு வரவில்லை; வந்த பிறகு கூட்டி வரச் சொல்லி முன்பள்ளியில் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அதன் பெயர்ப்பலகையிலும் மொண்டிசோரி என்றுதான் இருக்கிறது.

பழியை ஆசிரியைகள் மேல் மட்டும் போட முடியாது. மொண்டிசோரியே 1901 இல் அந்தப் பள்ளியை விட்டு விலகினார். அவருடைய முறை உலகெங்கும் பரவி, பல இடங்களில் கட்டணம் கட்டக்கூடியவர்களின் பள்ளியாக மாறியபோது, அந்த முதல் பிள்ளைகள் பின்னுக்குப் போய்விட்டார்கள். இந்த வாழ்க்கையில் என்னை உறுத்தும் இடம் இதுதான். அவருடைய சொந்தத் துயரமும் அந்தக் காலத்தோடு கலந்தது. 1898 இல், திருமணமாகாத நிலையில், சக வைத்தியர் மொந்தெசானோவுக்கு அவர் பெற்ற மகன் மாரியோ நாட்டுப்புறத்தில் வேறொரு குடும்பத்திடம் வளர்ந்தான். சுமார் 15 வயதில்தான் தாயோடு சேர்ந்தான்.

போர் பிள்ளைகளின் மனதுக்குச் செய்வதையும் அவர் நேரத்தோடு கண்டார். முதலாம் உலகப்போர் நடந்த 1917 இல், காயப்பட்ட படையினருக்குச் செஞ்சிலுவை இருப்பதுபோல, போரில் அகப்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு வெண்சிலுவை வேண்டும் என்று கேட்டார். அது நிறைவேறவில்லை. 1934 இல் முசோலினியோடு முரண்பட்டு இத்தாலியை விட்டார். 1936 இல் உள்நாட்டுப் போர் ஸ்பெயினிலிருந்தும் துரத்தியது. 1939 இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் சென்னை அடையாறுக்கு வந்தார். அடுத்த ஆண்டு இத்தாலி போரில் இறங்கியதும் பிரித்தானியருக்கு அவர் எதிரி நாட்டவரானார். மாரியோவைத் தடுத்து வைத்தார்கள். அவர் சபை வளாகத்துக்குள்ளேயே இருக்க வேண்டியதாயிற்று. தடுத்து வைக்கப்பட்ட பிள்ளைக்காகக் காத்திருப்பது என்னவென்று எங்கள் தாய்மாருக்குச் சொல்லத் தேவையில்லை. அவருடைய 70 ஆவது பிறந்தநாளையொட்டி மகனை விடுவித்தார்கள்.

பின்னர் கொடைக்கானலில் தங்கியிருந்தபோது, இலங்கையரான லீனா விக்கிரமரத்னவும் உடன் பணியாற்றினார். 1944 இல் இலங்கைக்கும் வந்து பயிற்சி நடத்தினார். பிறந்த நாளிலிருந்து முதல் மூன்று ஆண்டுகள்தான் அக்காலத்தில் அவர் மனதை நிறைத்தன. குழந்தை தன்னைச் சுற்றியுள்ள பேச்சையும் அசைவையும் யாரும் படிப்பிக்காமலே உள்வாங்குகிறது என்ற அவருடைய கருத்து 1949 இல் அடையாறிலிருந்து நூலாக வெளிவந்தது.

எங்கள் முன்பள்ளிகளோ மூன்று வயதில்தான் தொடங்குகின்றன. அதற்கு முன் வீட்டு வாசலுக்கு வருபவர் குடும்பநல உத்தியோகத்தர் மட்டும். ஒன்பது மாதத்தில் பிடிக்காமல் இருக்காத, பதினெட்டு மாதத்தில் நடக்காத, சத்தத்துக்குத் திரும்பாத குழந்தையை அவரிடம் காட்டலாம். கிளினிக் கொப்பியில் அதற்கான பக்கங்கள் இருக்கின்றன. தகப்பனும் பிந்தித்தான் பேசினவர் என்று அம்மம்மா சொல்வது சிலவேளை சரியாகவும் இருக்கும். ஆனால் செவிப்புலன் குறைபாட்டுக்கோ பெருமூளை வாதத்துக்கோ தொடக்க மாதங்களில் கிடைக்கும் பயிற்சியை ஐந்து வயதில் அதே அளவு பலனோடு கொடுக்க முடியாது.

மொண்டிசோரி 1952 மே 6 இல் ஒல்லாந்தின் நூர்ட்வைக் என்ற கடலோர ஊரில் காலமானார். மாரியோ அருகில் இருந்தார்.