எல்லை கடந்த குரல்: பி. லீலா

பாலக்காட்டை அடுத்து, தமிழக எல்லைக்கு அருகில், சோகநாசினி ஆற்றங்கரையில் அமைந்துள்ள ஊர் சித்தூர். அவ்வூரில் 1934-ஆம் ஆண்டு மே மாதம் 19-ஆம் நாள் பிறந்தவர் பி. லீலா. தந்தையார் குஞ்சன் மேனன், தாயார் மீனாட்சியம்மா. மூன்று பெண்மக்களுள் இவரே இளையவர். வீட்டுமொழி மலையாளம்.

மகளின் இசையார்வத்தைக் கண்ட தந்தையார் 1944-இல் அவரைச் சென்னைக்கு அழைத்துச் சென்றார். அங்கு வடக்கஞ்சேரி இராம பாகவதரிடம் லீலா கருநாடக இசை பயின்றார். செம்பை வைத்தியநாத பாகவதரிடமும் பாடம் கேட்கும் பேறு பெற்றார். மகள் சிறந்த கச்சேரிப் பாடகியாக வேண்டும் என்பதே தந்தையாரின் விருப்பம். திரைப்படத்தில் பாடுவதை அவர் முதலில் விரும்பவில்லை. பின்னர்ப் பிறர் எடுத்துரைக்கவே இசைந்தார்.

லீலா முதன்முதலில் பாடிய திரைப்படம் ‘கங்கணம்’ என்னும் தமிழ்ப்படம். அப்போது அவருக்கு வயது 13. தமிழில் பேசவும் அறியாத சிறுமி, தமிழ்ப் பாடலை எவ்வாறு பாடினார்? பாடலின் சொற்களை மலையாள எழுத்தில் எழுதிக்கொண்டார். பலமுறை பாடிப் பழகினார். பின்பு ஒலிவாங்கியின் முன் நின்றார். அப்படத்தின் கதாநாயகிக்குரிய பாடல்கள் அனைத்தையும் அவரே பாடினார். 1948-இல் வெளிவந்த ‘நிர்மலா’ படத்தின் வாயிலாக மலையாளத் திரையிலும் அவர் குரல் ஒலித்தது.

எழுத்து ஒலியைத்தான் தரும். பொருளையும் உணர்ச்சியையும் அம்மொழியோடு பழகித்தான் பெற வேண்டும். லீலா அவ்வாறே பழகினார். 1955-இல் வெளிவந்த ‘மிஸ்ஸியம்மா’ படத்தில் ஏ. எம். ராஜாவுடன் அவர் பாடிய நிலவுப் பாடல் மென்மையாக, நிதானமாகச் செல்வது. 1958-இல் வந்த ‘வஞ்சிக்கோட்டை வாலிபன்’ படத்தின் போட்டி நடனப் பாடலோ துள்ளும் தாளமும் விரைவும் உடையது. அதில் ஆடும் நங்கையர் இருவருள் ஒருவருக்கு லீலாவும், மற்றவருக்கு ஜிக்கியும் குரல் கொடுத்தனர். 1963-இல் வந்த ‘லவகுசா’ படத்தில் பி. சுசீலாவும் லீலாவும் சிறுவர் இருவருக்காகப் பாடினர். தாலாட்டின் மென்மை, நடனத்தின் வேகம், சிறுவரின் குழைவு ஆகிய மூன்றும் ஒரே குரலில் அமைந்தன.

அக்காலத்துப் பழைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய 3 நிமிடமே பாடல் அடங்கும். பின்னர் வந்த நீண்டநேர இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் 20 நிமிடத்திற்கு மேலும் பதியலாம். அதனால் நீண்ட நூல்களையும் இசையுடன் பதிவு செய்ய முடிந்தது. லீலா பாடிய ‘நாராயணீயம்’, ‘ஞானப்பான’ ஆகியவை கேரளத்தின் இல்லங்கள் பலவற்றில் விடியற்காலையில் ஒலித்தன; இன்றும் ஒலிக்கின்றன. முன்னது வடமொழி நூல்; பின்னது மலையாள நூல். இரண்டிலும் சொல் ஒவ்வொன்றும் தெளிவாகக் கேட்கும்.

தெலுங்கிலும் அவர் மிகுதியாகப் பாடினார். நடிகையர் திலகம் சாவித்திரி இயக்கிய ‘சின்னாரி பாபலு’ என்னும் தெலுங்குப் படத்திற்கு 1968-இல் இசையும் அமைத்தார். ‘கடல்பாலம்’ படப் பாடலுக்காக 1969-இல் கேரள அரசின் சிறந்த பின்னணிப் பாடகி விருதைப் பெற்றார். தமிழக அரசு 1992-இல் கலைமாமணி விருதளித்தது. 2005-ஆம் ஆண்டு அக்டோபர் 31 அன்று சென்னையில் மறைந்தார். மறைவிற்குப் பின் 2006-இல் பத்மபூஷண் விருது அறிவிக்கப்பெற்றது.

மாணவர்களே! லீலா கேரளத்திலிருந்து தமிழகம் சென்றார். உங்கள் பெற்றோரோ தமிழகத்திலிருந்து பாலக்காட்டிற்கும் இடுக்கியின் மலைத்தோட்டங்களுக்கும் வந்தவர்கள். தமிழை மலையாள எழுத்திலோ ஆங்கில எழுத்திலோ எழுதிவைத்துப் படிப்போர் உங்களுள்ளும் உளர். அதற்காக நாணவேண்டுவதில்லை. லீலாவும் அவ்வாறே தொடங்கினார். ஆனால் அங்கேயே நின்றுவிடவில்லை. தாய்மொழியைக் கைவிடாமலே மற்றொரு மொழியையும் தம்முடையதாக்கிக் கொண்டார். நீங்களும் மலையாளத்தை நன்கு கற்க. தமிழையும் விடாது பயில்க.

சொற்பொருள்

பேறு – நற்பயன்
இசைதல் – உடன்படுதல்
நங்கை – இளம்பெண்
நாணுதல் – வெட்கப்படுதல்

பயிற்சி

1. லீலா தம் முதல் தமிழ்ப் பாடலை எவ்வாறு பயின்றார்?
2. நீண்டநேர இசைத்தட்டால் விளைந்த பயன் யாது?
3. உங்கள் வீட்டுப் பெரியோரிடம் ஒரு தாலாட்டைக் கேட்டு, அதனைத் தமிழ் எழுத்தில் எழுதி வருக.