ஐன்ஸ்டைன் என்ற அகதி

அல்பேர்ட் ஐன்ஸ்டைனைப் பாடப் புத்தகத்தில் கலைந்த தலைமயிரோடும் ஒரு சமன்பாட்டோடும்தான் எனக்குத் தெரியும். அவர் ஐந்து வருடங்கள் நாடற்றவராகவும், பின்னர் அகதியாகவும் வாழ்ந்தவர் என்பதை வளர்ந்த பிறகே அறிந்தேன்.

1879 இல் ஜேர்மனியின் உல்ம் நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தையின் தொழில் நொடித்துப்போக, குடும்பம் இத்தாலிக்குப் பெயர்ந்தது. கட்டாய இராணுவ சேவையை விரும்பாத அவர், 1896 இல், 16 வயதில், ஜேர்மன் குடியுரிமையைக் கைவிட்டார். 1901 இல் சுவிற்சர்லாந்து ஏற்கும்வரை அவருக்கென்று ஒரு நாடு இருக்கவில்லை.

அந்த வயதில்தான் ஒரு கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. ஒளியை அதன் வேகத்திலேயே துரத்திப் போனால் அது எப்படித் தெரியும்? பக்கத்தில் சம வேகத்தில் ஓடும் புகையிரதம் நிற்பதுபோலத் தெரியுமே, ஒளியும் அப்படி நின்றுவிடுமா?

பட்டம் பெற்றும் பல்கலைக்கழக வேலை கிடைக்கவில்லை. 1902 இல் பேர்ண் நகரக் காப்புரிமை அலுவலகத்தில் சேர்ந்தார். அங்கிருந்தபடியே 1905 இல் விடையை எழுதினார். ஓடும் பஸ்ஸிலிருந்து முன்னால் எறியும் பந்துக்கு பஸ்ஸின் வேகமும் சேரும். ஒளிக்குச் சேராது. விளக்கு எம்மை நோக்கி வந்தாலும் விலகிப் போனாலும், வெற்றிடத்தில் அதன் வேகம் செக்கனுக்குச் சுமார் 3 இலட்சம் கிலோமீற்றர்தான். எறிகணையின் வெளிச்சத்தைக் கண்டு சத்தம் வரும்வரை எண்ணிப் பழகியவர்கள் நாங்கள். சத்தத்துக்குக் காற்று வேண்டும், காற்றடிக்கும் திசைக்கேற்ப அதன் வேகம் மாறும். ஒளி அப்படியல்ல. ஒளியின் வேகம் மாறாதென்றால், மாறுவது நேரம். ஓடுகின்ற மணிக்கூடு, நிற்பவரின் கணக்கில் மெதுவாகச் செல்லும்.

நோபல் பரிசு வந்தும் யூதர் என்ற குறி அவரை விடவில்லை. 1933 ஜனவரியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபோது அவர் அமெரிக்காவில் இருந்தார். மார்ச்சில் பெல்ஜியத்தில் இறங்கி, ஜேர்மன் கடவுச்சீட்டைத் திருப்பிக் கொடுத்தார். வங்கிப் பணம், கபுத் கிராமத்து வீடு, ஆசையாக ஓட்டிய பாய்மரப் படகு எல்லாவற்றையும் நாசி அரசு பறித்தது. ஒக்ரோபரில் அமெரிக்காவின் பிரின்ஸ்ரன் நகரில் குடியேறினார்.

அங்கிருந்து, தப்பி வரத் துடித்த பலருக்கு விசாவுக்கான பிணைக் கடிதங்கள் எழுதினார். எல்லோரையும் காப்பாற்ற முடியவில்லை. 1944 இல் இத்தாலியில் அவருடைய ஒன்றுவிட்ட சகோதரரின் மனைவியும் இரு மகள்மாரும் ஜேர்மன் படையினரால் கொல்லப்பட்டனர்.

போர் முடிந்ததும் ஜேர்மன் விஞ்ஞான அமைப்புகள் அவரை மீண்டும் அழைத்தன. மறுத்துவிட்டார். 1955 ஏப்ரல் 18 இல் இறக்கும்வரை அந்த மண்ணை அவர் மிதிக்கவில்லை.

மறந்துவிட்டு முன்னேறுங்கள் என்று எமக்கு அடிக்கடி சொல்லப்படுகிறது. ஐன்ஸ்டைன் மறக்கவில்லை. ஆனால் கடைசி நாட்களில்கூட ஆஸ்பத்திரிக் கட்டிலில் கணக்குத் தாள்களைக் கேட்டு வாங்கி வேலை செய்தார். நினைவை வைத்துக்கொண்டே முன்னேறலாம் என்பதற்கு எனக்கு இந்த ஒரு வாழ்க்கை போதும்.