பதினாறு ஆண்டுக் காத்திருப்பு

1959ஆம் ஆண்டு, அமெரிக்காவின் நாசா நிறுவனம் தன் முதல் விண்வெளி வீரர்களைத் தேடியது. வயது நாற்பதுக்குக் குறைவாக இருக்க வேண்டும். உயரம் ஐந்தடி பதினோரு அங்குலத்திற்குள் இருக்க வேண்டும். விண்கலம் அவ்வளவு சிறியது. பட்டப்படிப்பும் சோதனை விமானிக்கான பயிற்சியும் 1,500 மணி நேரம் விமானம் ஓட்டிய அனுபவமும் தேவை. 500க்கும் மேற்பட்ட விமானிகளின் பதிவேடுகளைப் பார்த்து, இறுதியில் எழுவரைத் தேர்ந்தெடுத்தனர். அவர்களுள் ஒருவர் டீக் ஸ்லேட்டன்.

ஸ்லேட்டன் 1924இல் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். சிறுவயதில் பண்ணை இயந்திரத்தில் சிக்கி இடக்கை மோதிர விரலை இழந்தார். ஆயினும், இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானம் ஓட்டினார். பின்னர் வானூர்திப் பொறியியல் பயின்று சோதனை விமானியானார்.

1962இல் அவர் விண்ணுக்குச் செல்லும் முறை வந்தது. புறப்பட இரண்டே மாதங்கள் இருந்தபோது பயணம் தடுக்கப்பட்டது. அவருடைய இதயம் அவ்வப்போது சீரற்றுத் துடித்தது. வலியில்லை, களைப்பில்லை, பயிற்சி எதிலும் அவர் பின்தங்கியதும் இல்லை. இருந்தும், மருத்துவ விதி இடம் தரவில்லை. அவருக்குப் பதிலாக ஸ்காட் கார்ப்பென்டர் பறந்தார்.

வேறொருவராக இருந்தால் வேலையை விட்டே போயிருக்கலாம். ஸ்லேட்டன் போகவில்லை. விண்வெளி வீரர்களுக்குப் பொறுப்பாளரானார். எந்தப் பயணத்திற்கு யார் செல்வது என்று முடிவு செய்யும் பணி அவருடையது. நிலவில் முதலில் இறங்கிய அப்போலோ 11 குழுவையும் அவர்தாம் அமைத்தார். அடுத்தவர்களை ஒவ்வொருவராக வழியனுப்பிவிட்டு, தாம் மட்டும் தரையில் நிற்பது எளிதான வேலையா? இதற்கிடையில் புகைபிடிப்பதைக் கைவிட்டார். நாள்தோறும் உடற்பயிற்சி செய்தார். 1972இல் இதயத் துடிப்பு சீராக இருப்பதை மருத்துவர்கள் உறுதிப்படுத்தி, பறக்க அனுமதி அளித்தனர்.

அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் தங்கள் விண்கலங்களை விண்ணில் இணைக்கத் திட்டமிட்டிருந்தன. அதற்காக ஸ்லேட்டன் ஐம்பது வயதை நெருங்கும்போது ரஷ்ய மொழி கற்றார். 1975 ஜூலை 15ஆம் நாள், தமது 51ஆம் வயதில் விண்ணுக்குப் புறப்பட்டார். அதுவரை அந்த வயதில் எவரும் அங்குச் சென்றதில்லை.

திரும்பி வரும்போது கலத்தினுள் நச்சு வாயு பரவியதால், வீரர்கள் மூவரும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அங்கு எடுத்த எக்ஸ்ரே படத்தில் ஸ்லேட்டனின் நுரையீரலில் ஒரு சிறு நிழல் தெரிந்தது. அறுவைச் சிகிச்சை செய்து பார்த்தபோது, அது ஆபத்தற்ற கட்டி எனத் தெரியவந்தது. பயணத்திற்கு முன்பே அந்த நிழல் கண்ணில் பட்டிருந்தால், அவர் மறுபடியும் தரையில்தான் நின்றிருப்பார்.