பல் மருத்துவக் கல்வியின் முன்னோடி டாக்டர் ரபியுத்தீன் அகமது

சில ஆண்டுகளுக்கு முன் நம் அன்னையாரின் கடைவாய்ப் பல்லைப் பிடுங்குவதற்காகக் கடலூரிலிருந்து சிதம்பரத்திற்குச் சென்றிருந்தோம். அண்ணாமலைப் பல்கலைக்கழக வளாகத்தில் 1980-இல் தோன்றிய பல் மருத்துவக் கல்லூரி அது. 2021-இல் அரசின் மருத்துவத் துறையின்கீழ் வந்தது. பயிற்சி மாணவி ஒருவர், இதயத்தில் செயற்கை வால்வு பொருத்தியதுண்டா, பிறவி இதயக்கோளாறு உண்டா, பென்சிலின் ஒவ்வாமை உண்டா என்று வினவினார். பல்லுக்கும் இதயத்துக்கும் என்ன தொடர்பு என அன்னையார் வியந்தார். நாமும் அன்று அறிந்திலோம்! இவ்வாறு கேட்கப் பழக்கும் கல்விக்கு இந்நாட்டில் வித்திட்டவர் யார் என்று தேடியபோது கிடைத்த பெயரே ரபியுத்தீன் அகமது.

கிழக்கு வங்காளத்தில் 1890 டிசம்பர் 24 அன்று பிறந்த இப்பெருமகனார், அலிகரில் பயின்று 1909-இல் அமெரிக்கா சென்றார். 1915-இல் அயோவா பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவப் பட்டம் பெற்றார். பாஸ்டன் நகரின் குழந்தைகள் பல் மருத்துவமனையில் 1918 வரை பணியாற்றி, அடுத்த ஆண்டு தாயகம் திரும்பினார். அந்நாளில் இங்கே பல் பிடுங்குதல் பெரும்பாலும் முறையாகப் பயிலாதோர் கைத்தொழிலாகவே இருந்தது. 1920-இல் கல்கத்தாவில் இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை நிறுவினார். அதற்குப் பொருள் வேண்டுமே? சோடாக் கடை ஒன்றை நடத்தி, அதன் வருவாயில் கல்லூரியை வளர்த்தார் என்பது நம் கல்வி வள்ளல்கள் நினைவில் கொள்ளத்தக்க செய்தி. 1925-இல் பல் மருத்துவ இதழ் தொடங்கினார்; 1928-இல் மாணவர் கையேடு எழுதினார். வங்காளத்தில் 1939-இலும் நாடு முழுமைக்கும் 1948-இலும் பல் மருத்துவர் சட்டங்கள் பிறக்க உழைத்தார்.

அவர் வாழ்நாளிலேயே அம்மாணவியின் கேள்விக்குரிய அறிவும் வளர்ந்தது. பல்லைப் பிடுங்கும்போது வாயிலுள்ள ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிகள் இரத்தத்தில் கலப்பதை 1935-இல் இலண்டன் ஆய்வாளர் இருவர் காட்டினர். நலமுள்ளோர் உடல் அவற்றைச் சிறிது நேரத்தில் அழித்துவிடும். பழுதுற்ற வால்விலோ செயற்கை வால்விலோ அவை குடியேறினால் உயிருக்கே ஊறு. 1955-இல் அமெரிக்க இதயச் சங்கம் முன்தடுப்பு மருந்தைப் பரிந்துரைத்தது. அப்போது அகமது மேற்கு வங்க அமைச்சர்! 2007 முதல் அச்சங்கம், செயற்கை வால்வு உடையோர், முன்பே இந்நோய் கண்டோர், சிலவகைப் பிறவிக்கோளாறு உடையோர் போன்ற மிகு ஆபத்தினர்க்கு மட்டுமே அம்மருந்து என வரையறுத்துள்ளது. பெரியவர்க்குச் சிகிச்சைக்கு 30 முதல் 60 நிமிடத்திற்கு முன் 2 கிராம் அமாக்சிசிலின், ஒரே வேளை. எல்லார்க்கும் கொடுப்பதும் பிழை, வேண்டியவர்க்கு விடுவதும் பிழை; ஆதலால் கேட்டறிதலே பயிற்சியின் உயிர்நிலை.

தம் உழைப்பால் எழுந்த கல்லூரியை 1949-இல் அரசுக்கே கொடையாக அளித்தார். 1964-இல் பத்மபூஷண் விருது பெற்று, 1965 பிப்ரவரி 9 அன்று மறைந்தார். அக்கல்லூரி இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.